தீட்டு வேறு, அழுக்கு வேறு





சென்ற பௌர்ணமிக் கூட்டத்தில் கைகளைச் சுத்தமாக வைத்துக்கொள்வது பற்றிச் சில வார்த்தைகள் சொன்னேன். கூட்டம் கலைந்தபின் முதியவர் ஒருவர் என்னை நிறுத்தி, “தம்பி, மடி என்றும் ஆசாரம் என்றும் தீட்டு என்றும் சொல்லித்தானே நம் பாட்டன் பூட்டன் காலமெல்லாம் நம்மை எட்ட நிறுத்தினார்கள்? அதையெல்லாம் உதறிவிட்டுத்தானே தம்மத்துக்கு வந்தோம்? இங்கேயும் கையைக் கழுவு, கையைக் கழுவு என்றால் இது பழைய கதைதானே?” என்று கேட்டார். கேள்வி நியாயமானது. அவர் குரலில் இருந்த கோபமும் நியாயமானதே. வாசற்படியில் நின்றபடி பதில் சொல்லித் தீர்க்கத்தக்க கேள்வி அன்று அது. ஆகையால் அதனையே இன்றைய பேச்சுக்குப் பொருளாகக் கொண்டேன்.

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்வோம். அழுக்கு என்பது ஒரு பொருள். அது கையின்மேல் ஒட்டுகிறது; நீராலும் சோப்பாலும் நீங்குகிறது; நீங்கியபின் கை சுத்தமான கையே. அரசன் கை, ஆண்டி கை என்னும் வேறுபாடு அழுக்குக்குத் தெரியாது. நம்மேல் சுமத்தப்பட்ட தீட்டோ வேறு வகை. ஒருவன் தாய் வயிற்றிலிருந்து வரும்போதே அது அவனோடு வந்துவிட்டது என்றார்கள். ஏழு கடல் நீரால் கழுவினாலும் அவனை விட்டுப் போகாது என்றார்கள். ஆனால் அவனைத் தொட்டுவிட்ட மேற்சாதியாருக்கு மட்டும் ஒரே முழுக்கில் போய்விடுமாம்! ஒருவன் உடலில் என்றும் நீங்காமலும், மற்றொருவன் உடலில் ஒரு முழுக்கில் நீங்கியும் போகக்கூடிய பொருள் உலகத்தில் உண்டோ? இல்லை. ஆதலால் அது பொருளே அன்று, வெறுஞ் சொல். சொல்லைக் கழுவச் சோப்பு உதவாது. அதனை மனத்திலிருந்துதான் எடுத்தெறிய வேண்டும், எறிந்தும் விட்டோம். எறிந்த வேகத்தில் அழுக்கைப் பற்றிய அறிவையும் சேர்த்து எறிந்துவிடுவோமோ என்பதே என் அச்சம்.

மகாத் நகரத்து வரலாற்றை நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். இந்தக் கண்கொண்டு அதனை மறுபடியும் பாருங்கள். 1927-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 20-ஆம் நாள் பாபாசாகேப் டாக்டர் அம்பேத்கர் அவர்கள் ஆயிரக்கணக்கான மக்களோடு சென்று சவுதார்க் குளத்தில் இறங்கி, கையால் நீரை அள்ளிப் பருகினார். மனிதக் கை பட்டதனால் குளம் கெட்டுப்போயிற்று என்று ஊர் ஆசாரத்தார் முடிவு செய்தனர். பின்பு என்ன செய்தார்கள்? சாணமும் கோமியமும் பாலும் தயிரும் நிறைத்த 108 மண்குடங்களை அந்தக் குளத்துக்கென்று பயன்படுத்தி, மந்திரம் ஓதி, நீர் சுத்தியாயிற்று என்று அறிவித்தார்கள். குடிக்கும் நீரில் சாணத்தைக் கொட்டுவதற்குச் சுத்தி என்று பெயர்! இல்லாத தீட்டைப் போக்கப் புகுந்து, இருக்கும் அழுக்கைச் சேர்த்தார்கள். அக்குளத்தின் மீதுள்ள உரிமை வழக்காகிப் பம்பாய் உயர்நீதிமன்றம் வரை சென்று, 1937-ஆம் ஆண்டில் நம் பக்கம் தீர்ப்பாயிற்று.

நீர் எதனைக் கழுவும், எதனைக் கழுவாது என்பதைப் பகவன் காலத்திலேயே ஒரு பெண்மணி தெளிவாகச் சொல்லிவிட்டார். தேரிகாதையில் வரும் புண்ணிகை, வீட்டுக்கு நீர் சுமந்த அடிமைப் பெண். கடுங்குளிரில் பாவம் போகவென்று ஆற்றில் மூழ்கி நடுங்கிக்கொண்டிருந்த பிராமணரை அவர் மடக்கினார். முழுகுவதனால் பாவம் தீருமானால் தவளையும் ஆமையும் முதலையும் அன்றோ முதலில் சுவர்க்கம் புக வேண்டும் என்பது அவர் வாதம். நீர் வினையைக் கழுவாது. ஆனால் கவனியுங்கள்: நீர் மலத்தைக் கழுவாது என்று அவர் சொல்லவில்லை. குடம் சுமந்து பிழைத்தவருக்கு நீரின் பயன் தெரியாதா?

நான் பஞ்சாலையில் பல்லாண்டு உழைத்தவன். ஆகவே ஆலை வழக்கம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பழைய தறிகளில் தார் தீர்ந்தவுடன் நெசவாளி புதுத் தாரை நாடாவில் பொருத்தி, நூல் நுனியை நாடாவின் கண் வழியே வாயால் உறிஞ்சி இழுப்பான். ஒருவன் உதடு பட்ட நாடாவில் அடுத்த முறைக்காரன் உதடும் படும். எச்சிலில் இருக்கும் கிருமி ஒருவனிடமிருந்து மற்றவனுக்குப் போகக்கூடும் என்று அஞ்சி அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலம் 1911-ஆம் ஆண்டிலேயே இவ்வழக்கத்தைச் சட்டத்தால் தடுத்தது. பம்பாய் ஆலைகளிலும் ஓர் அச்சம் இருந்தது. ஆனால் அது கிருமியைப் பற்றியது அன்று. தீண்டப்படாதவன் வாய் பட்ட நூலை நாங்கள் வாயால் தொடுவதோ என்று சாதி இந்து நெசவாளர்கள் மறுத்தார்கள். கூலி அதிகமுள்ள நெசவுப் பகுதி அதனாலேயே நம்மவருக்கு அடைபட்டுக் கிடந்தது. 1928-ஆம் ஆண்டின் பெரிய வேலைநிறுத்தத்தின்போது பாபாசாகேப் இந்த அநீதியை எடுத்துக்காட்டித் தொழிற்சங்கத் தலைவர்களை நெருக்கினார். ஒரே நாடா, ஒரே எச்சில். ஓர் ஊரில் நோய்க்கு அஞ்சினார்கள், நோய் தடைப்பட வழி பிறந்தது. மற்றோர் ஊரில் பிறப்புக்கு அஞ்சினார்கள். காசநோய்க்காரன் உயர்ந்த சாதியானாயிருந்தால் அவன் எச்சில் குற்றமற்றதாயிற்று!

இனிக் கைக்கு வருவோம். கையைக் கழுவுவதனால் உயிர் பிழைக்கும் என்பதை உலகத்துக்கு எண்ணிக்கையோடு காட்டியவர் இக்னாஸ் செம்மல்வைஸ் என்னும் ஹங்கேரி நாட்டு வைத்தியர். அவர் வரலாற்றைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

வியன்னா நகரத்துப் பொது மருத்துவமனையில் பிரசவத்திற்கு இரண்டு பகுதிகள் இருந்தன. முதற்பகுதியில் வைத்தியர்களும் வைத்திய மாணவர்களும் பிரசவம் பார்த்தார்கள். இரண்டாம் பகுதியில் மருத்துவச்சிகள் பார்த்தார்கள். 1846-ஆம் ஆண்டில் முதற்பகுதிக்கு வந்த தாய்மார்களில் நூற்றுக்குப் பதினொருவர் பிரசவ ஜுரத்தால் மாண்டனர். மருத்துவச்சிகளின் பகுதியிலோ நூற்றுக்கு மூவரும் இல்லை. இது ஊரறிந்த செய்தி. முதற்பகுதியில் சேர்க்காதீர்கள் என்று ஏழைப் பெண்கள் மண்டியிட்டுக் கெஞ்சினார்கள். படித்தவர் கைக்குப் பயந்து படியாதவர் கையைத் தேடினார்கள் அப்பெண்கள்.

காரணம் என்ன? காற்றுக் கெட்டது என்றார்கள். இரு பகுதிக்கும் காற்று ஒன்றே. நெரிசல் என்றார்கள், இரண்டாம் பகுதியில்தான் நெரிசல் மிகுதி. சாவுச் சடங்குக்கு மணியடித்துச் செல்லும் பாதிரியாரைக் கண்டு பெண்கள் பயப்படுகிறார்கள் என்றார்கள். பாதிரியாரை வேறு வழியே மணியில்லாமல் போகச் செய்தும் சாவு குறையவில்லை. 1847 மார்ச்சில் அவருடைய நண்பரான பேராசிரியர் ஒருவர், பிணப் பரிசோதனையின்போது மாணவன் கத்தி விரலில் குத்தியதனால் ஜுரம் கண்டு இறந்தார். அவர் உடலில் கண்ட கேடுகள் பிரசவத்தில் இறந்த தாய்மார்கள் உடலில் கண்ட கேடுகளை ஒத்திருந்தன. செம்மல்வைஸுக்குக் கண் திறந்தது. வைத்தியர்களும் மாணவர்களும் காலையில் பிணங்களை அறுத்துவிட்டு, அதே கையோடு வந்து கருப்பிணிகளைச் சோதித்தார்கள். மருத்துவச்சிகள் பிணம் அறுப்பதில்லை. வேறுபாடு அவ்வளவே.

மே மாத நடுவில், குளோரின் சுண்ணாம்பு கரைத்த நீரில் கையைக் கழுவாமல் எவரும் தாய்மார்களைத் தொடலாகாது என்று கட்டளையிட்டார். அவ்வாண்டு ஏப்ரலில் முதற்பகுதியில் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த சாவு, ஜூனில் ஏறத்தாழ இரண்டாக இறங்கியது. மருந்து புதிதாக ஒன்றும் இல்லை; கட்டடம் மாறவில்லை; கை மாறியது.

உலகம் அவரைத் தலைமேல் வைத்துக் கொண்டாடியிருக்கும் என்று நினைப்பீர்கள். இல்லை. பெரிய வைத்தியர்கள் பலர் சினந்தார்கள். நோயைத் தீர்க்க வந்த கனவான்களின் கையே நோயைச் சுமந்து வருகிறது என்பதை அவர்களால் தாங்க முடியவில்லை. உயர்ந்தவன் கை சுத்தமாகத்தான் இருக்கும் என்னும் எண்ணம் நம் நாட்டுக்கு மட்டும் உரிய வியாதி அன்று போலும். செம்மல்வைஸ் 1865-ஆம் ஆண்டில், தம் 47-ஆம் வயதில், ஒரு பித்தர் விடுதியில் இறந்தார். அதே ஆண்டில் கிளாஸ்கோ நகரில் லிஸ்டர் என்பவர் கார்பாலிக் அமிலத்தால் புண்களைச் சுத்தம் செய்து காக்கும் முறையைத் தொடங்கினார். பின்பு பாஸ்டர் முதலியோர் கிருமிகளைக் கண்ணுக்குக் காட்டினர்.

நம் நாட்டிலும் தொப்புள்கொடி அறுக்கும் வேலையைத் தீட்டுத் தொழில் என்று கூறிப் பல பகுதிகளில் தாழ்த்தப்பட்ட சாதிப் பெண்களிடமே விட்டிருந்தார்கள். அவர்கள் பிறப்பைப் பற்றி ஊர் ஆயிரம் பேசியது. அவர்கள் கை கழுவச் சூடான நீரும் சோப்பும் கொடுத்தோமா என்று எத்தனை வீடுகள் கேட்டன?

பகவன் கற்பித்ததில் இதனைப் புரிந்துகொள்ள எல்லாமே இருக்கிறது. காரணத்திலிருந்து காரியம் தோன்றுகிறது. காரணம் நீங்கினால் காரியம் நீங்கும். அஸ்ஸஜி தேரர் சாரிபுத்திரருக்குச் சொன்ன சுருக்கம் இதுவே. பேதியும் சீதபேதியும் டைபாய்டும் காலராவும் தெய்வக் குற்றத்தால் வருவன அல்ல. ஒருவர் மலத்தில் உள்ள கிருமி, கை வழியாகவும் நீர் வழியாகவும் ஈ வழியாகவும் மற்றொருவர் வாய்க்குப் போவதனால் வருவன. இவ்வழிகளுள் கை ஒன்றுதான் முழுதும் நம் கையில் இருக்கிறது. சோப்பிட்டுக் கை கழுவும் பழக்கத்தால் வயிற்றுப்போக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்று ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். நம் சந்துகளில் அந்த மூன்றில் ஒரு பங்கு என்பது குழந்தைகள்.

வெறும் நீர் போதாதோ என்று கேட்பவர்களுக்கு ஆலையிலிருந்தே பதில் சொல்கிறேன். பொறிகளின் எண்ணெய்க் கசடு வெறும் நீரில் போகாது என்பதை எந்தத் தொழிலாளிக்கும் கற்பிக்க வேண்டியதில்லை. சோப்பின் ஒரு முனை எண்ணெயைப் பற்றும். மறு முனை நீரைப் பற்றும். இரண்டையும் கோத்து இழுத்துச் சென்றுவிடும். தோலின் எண்ணெய்ப் பசையில் ஒட்டியுள்ள கிருமிகள் அப்படியே வெளியேறுகின்றன. கொரோனா போன்ற சில வைரஸ்களுக்குக் கொழுப்பாலான மேலுறை உண்டு. சோப்பு அந்த உறையையே குலைத்துவிடுகிறது. அதற்கு நேரம் வேண்டும். இருபது விநாடியாவது தேய்க்க வேண்டும். திரிசரணத்தைப் பாளியில் நிதானமாக ஒருமுறை சொல்லுங்கள், நேரம் சரியாயிருக்கும். உள்ளங்கையை மட்டும் தேய்த்துவிட்டு எழுந்துவிடுகிறோம். கட்டைவிரல், விரலிடுக்கு, நகக்கண், மோதிரத்தின் அடி இவையே விடுபட்டுப் போகும் இடங்கள். வாசனைச் சோப்பு வேண்டியதில்லை. துணி துவைக்கும் கட்டியில் மிஞ்சிய துண்டும் வேலை செய்யும். கழுவிய கையை எல்லாரும் துடைத்த ஈரத்துணியில் துடைத்தால் பட்ட பாடு வீண்.

எப்போது கழுவுவது? கழிப்பிடம் சென்று வந்தபின். குழந்தையின் மலத்தைச் சுத்தம் செய்தபின். சமைக்கும் முன், உண்ணும் முன், குழந்தைக்கு ஊட்டும் முன். நோயாளியைத் தொடும் முன்னும் தொட்ட பின்னும். தாய்மார்களுக்கு ஒன்று. குழந்தையின் மலம் தீங்கற்றது என்று பலர் எண்ணுகிறீர்கள். அப்படியன்று.

இப்போது முதியவருடைய கேள்விக்குள் இன்னும் ஆழமாகப் போகலாம். கை கழுவுவது ஆசாரத்தார் கண்டுபிடித்ததா? விநயத்தைத் திறந்து பாருங்கள். உணவு ஒட்டிய கையால் குடிநீர்ப் பாத்திரத்தை வாங்கலாகாது என்று பிக்குகளுக்கு விதி உண்டு. சுல்லவக்கத்தில் இன்னொரு செய்தி இருக்கிறது. பிராமண குலத்தில் பிறந்த பிக்கு ஒருவர், இந்த நாற்றத்தை யார் தொடுவது என்று அருவருத்து, மலங்கழித்தபின் கழுவாமலே இருந்தார். நீர் இருக்கும்போது கழுவாமல் வருவது குற்றம் என்று பகவன் விதித்தார். பார்த்தீர்களா? ஆசாரம் அழுக்கைத் தொட அருவருத்தது; அதனாலேயே அழுக்கைச் சுமந்தது. விநயம், தொட்டுக் கழுவு என்றது. அதே பகுதியில், கழிப்பிடத்துக்கு மூத்தவர் இளையவர் என்னும் வரிசை கிடையாது, வந்தவர் வரிசைப்படியே போக வேண்டும் என்றும், கழுவும் நீர்க்குடம் காலியாயிருந்தால் நிரப்ப வேண்டும் என்றும் விதிகள் உள்ளன. நாவிதரான உபாலியும் குப்பை வாரிய சுனிதரும் சாக்கிய அரச குமாரர்களும் உறுப்பினராயிருந்த சங்கத்துக்கு இவை விதிக்கப்பட்டன. நம் பொதுக் கழிப்பிடங்களின் வாசலில் எழுதி வைக்கத்தக்க விதிகள்.

இடையில் ஓர் எச்சரிக்கை. கோசம்பியில் சங்கமே இரண்டாகப் பிளந்த பெருஞ்சண்டை, கழிப்பிடக் குவளையில் ஒருவர் மீதி நீரை வைத்துவிட்டு வந்ததில் தொடங்கியது என்று உரை நூல்கள் சொல்கின்றன. பகவனே சொல்லியும் அவர்கள் கேளாததனால் அவர் காட்டுக்குப் போய்விட்டார். ஆகவே பக்கத்து வீட்டாருக்குச் சுத்தம் போதிக்கப் போகிறவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு போங்கள்.

விநயத்தின் மகாவக்கத்தில் உள்ள செய்தியை நான் எத்தனை முறை படித்தாலும் அலுப்பதில்லை. பகவனும் ஆனந்தரும் பிக்குகள் உறையும் இடங்களைப் பார்த்துக்கொண்டு வரும்போது, வயிற்று நோயால் ஒரு பிக்கு தம் மலமூத்திரத்திலேயே கிடந்தார். உமக்குப் பணிவிடை செய்ய யாரும் இல்லையா என்று பகவன் கேட்டார். இல்லை என்றார் பிக்கு. ஏன் இல்லை? நான் மற்றவர்களுக்கு ஒன்றும் செய்ததில்லை, அதனால் அவர்களும் எனக்குச் செய்வதில்லை என்பது அவர் பதில். பகவன் அவரிடம் உபதேசம் தொடங்கவில்லை. ஆனந்தரிடம் நீர் கொண்டுவரச் சொன்னார். பகவன் நீர் வார்த்தார். ஆனந்தர் தேய்த்துக் கழுவினார். பின்பு தலைப்பக்கம் பகவனும் கால்பக்கம் ஆனந்தரும் பற்றித் தூக்கிக் கட்டிலில் கிடத்தினார்கள். அதற்குப் பிறகுதான் சங்கத்தைக் கூட்டி, உங்களுக்குத் தாயும் இல்லை, தந்தையும் இல்லை. நீங்களே ஒருவருக்கொருவர் பார்க்காவிட்டால் யார் பார்ப்பார், எனக்குப் பணிவிடை செய்ய விரும்புகிறவன் நோயாளிக்குச் செய்யட்டும் என்னும் கருத்துப்படப் பேசினார். மலமும் வாந்தியும் எடுக்க அருவருக்காதவனே நல்ல பணிவிடையாளன் என்றும் அங்கே சொல்லப்பட்டிருக்கிறது.

ஆசாரக்காரன் பிறரைத் தொடாமலிருப்பதற்காகக் கழுவினான். பகவனும் ஆனந்தரும் தொடுவதற்காகக் கழுவினார்கள். முதியவரே, நமக்கும் அவர்களுக்கும் இடையிலுள்ள தூரம் இவ்வளவு.

இதனை நாம் மறந்த காலமும் அண்மையில் வந்தது. 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி தாராவியில் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டார். அதன்பின் நடந்தது உங்களுக்குத் தெரியும். சிகிச்சை முடிந்து நலமாகத் திரும்பிய குடும்பத்தாருக்கு, அவர்கள் தொட்ட குழாயில் நாங்கள் நீர் பிடிப்பதோ என்று மாதக்கணக்கில் முகஞ்சுளித்த வீடுகளைக் கண்டேன். அவற்றுள் புத்தர் படம் மாட்டிய வீடுகளும் இருந்தன. சென்னையில் நோயால் இறந்த மருத்துவர் ஒருவரின் உடலைப் புதைக்கவிடாமல் கூட்டம் கல்லெறிந்தது. நோய் தொற்றும் நாட்களில் விலகியிருப்பது அறிவு. அந்த நாட்களுக்குக் கணக்குண்டு, காரணம் உண்டு, கணக்கு முடிந்ததும் விலகலும் முடிய வேண்டும். கணக்கு முடிந்தபின்னும் விலக்கி வைத்தால், கிருமி போய்விட்டது, தீட்டு வந்துவிட்டது என்று பொருள். அந்நோய் பெரும்பாலும் மூச்சுக் காற்றால் பரவுவது. முகக்கவசமும் திறந்த சன்னலும் அதற்குக் கையைவிட முக்கியம் என்பதையும் சொல்ல வேண்டும். கை எல்லா நோயையும் தடுக்கும் என்று நான் சொன்னால் அது பொய்யுரை. நான்காம் சீலத்துக்குக் கேடு.

நீருக்கு எங்கே போவது என்று பெண்கள் கேட்கிறீர்கள். காலையில் சில மணி நேரமே குழாயில் வரும் நீரை டிரம்மில் பிடித்து, அதிலேயே சமையல், குளியல், துவையல் எல்லாம். உண்மை. ஆனால் கைக்கு ஒரு சிறு குவளை நீர் போதும். முதலில் நனைத்து, நீரை நிறுத்தி, சோப்பிட்டுத் தேய்த்து, பிறகு ஊற்றுங்கள். டிரம்முக்குள் கையையோ கையளவு கோப்பையையோ விடாதீர்கள். நீளக் காம்புள்ள கரண்டியால் மொள்ளுங்கள். நாம் மோரி என்று வழங்கும் மூலையில் சோப்பு எப்போதும் கண்ணில் படும்படி இருக்கட்டும். பொதுக் கழிப்பிடத்தில் நீரும் சோப்பும் இல்லையென்றால் அதற்கு நாம் வெட்கப்பட வேண்டியதில்லை. மாநகராட்சி வெட்கப்பட வேண்டும். எழுதிக் கேளுங்கள், கையெழுத்து வாங்குங்கள், பதில் வராவிட்டால் மறுபடியும் எழுதுங்கள். மகாத் குளத்தில் பாபாசாகேப் இறங்கியது நீரின் சுவை பார்ப்பதற்காக அன்று.

நம் உறவினரில் இன்றும் பலர் துப்புரவுப் பணியில் இருக்கிறார்கள். மனிதன் மலத்தை மனிதன் கையால் அள்ளுவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருந்தும் கையுறையின்றிச் சாக்கடையில் இறக்கப்படுவோர் உண்டு. ஊர் அழுக்கைத் தன் கையால் நீக்குகிறவனுக்கே சோப்பிலும் நீரிலும் முதற்பங்கு உரியது. அவர் வேலை முடிந்து வீட்டுக்கு வரும்போது வாசலில் ஒரு வாளி நீர் ஆயத்தமாக இருக்கட்டும்; குழந்தை அவர் கழுத்தைக் கட்டிக்கொள்ளக் காத்திருக்குமல்லவா?

அடுத்த பௌர்ணமி முதல் நம் மண்டப வாசலில் குழாய் பொருத்திய டிரம் ஒன்று வைக்கப்படும். பூசைக்கு மலர் எடுக்கும் முன்பும், சேர்ந்து உண்ணும் முன்பும் அதில் கை கழுவிக்கொண்டு வரலாம். வரிசை, வந்தவர் வரிசைதான். டிரம்மை நிரப்பும் பொறுப்பை இளைஞர் குழுவினர் ஏற்றிருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு சோப்புக் கட்டி கொண்டுவர இயன்றவர்கள் கொண்டுவரலாம். கேள்வி கேட்ட முதியவர் முதற்கட்டியைத் தாமே தருவதாகச் சொல்லியிருக்கிறார்.